தானே அணைந்து தானே எழும் மடிக்கணினி

பழைய மாணவர் மலரொன்றிலே கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதிபர்களின் தொண்டும், விளையாட்டு வீரரின் வெற்றிகளும் எழுதப்படுவது மரபு. அவற்றிடையே ஒரு மடிக்கணினியின் பிணியைப்பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறவேண்டிய கடப்பாடு எமக்குண்டு. இம்மலரின் இறுதியிற் சேர்க்கப்பட்டுள்ள பழைய மாணவர் பெயரேடு அந்தப் பிணியினின்றும் மீட்டெடுக்கப்பட்டதாகும். அன்றியும், சொல்லாமற் கொள்ளாமல் அணைந்து, தானே எழுந்து, சற்று நேரத்தில் மறுபடியும் அணையும் மடிக்கணினி இன்று எத்தனையோ அன்பர்களின் வீட்டு மேசைகளில் இருக்கின்றது. பலர் அதனைத் தூக்கி அலுமாரியின்மேல் வைத்துவிட்டு வேறொன்று வாங்கிவிடுகின்றனர். அவ்வாறு செய்வதற்குமுன் சில மாலைப்பொழுதுகளை அதன்பாற் செலவிடுதல் தகும் என்பது எம் கருத்து.

முதலிற் பெயரேட்டின் கதை. சங்கத்தின் பழைய கையெழுத்துப் பெயரேடு, 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபொழுது, அதனைப் பேணியவரின் வீட்டிலேயே விடப்பட்டது. மறுவருடம் அவர் திரும்பிவந்து பார்த்தபொழுது வீட்டுச் சுவர்கள் நின்றன, ஏடு இல்லை. அதன்பின் பல்லாண்டுகள் சங்கத்திடம் பெயரேடு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இருந்ததில்லை. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பரொருவர், அரசாங்க சேவையினின்றும் ஓய்வுபெற்றதும், அவ்வேலையைத் தாமாகவே மேற்கொண்டார். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் காணும் ஒவ்வொருவரிடமும், உம்மோடு படித்தவர் யார், யார், இப்பொழுது எங்கே என்று கேட்பார். இரவில் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் தொலைபேசியிற் பேசுவார். மறுநாட் காலையில் அவற்றையெல்லாம் தம் மடிக்கணினியிற் பதிவார். 11 ஆண்டுகளில் 1,000க்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. சென்ற ஆண்டு ஆவணியில் ஒருநாள், தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அந்தியேட்டி முடிந்தபின் அவர் மனைவியார் மடிக்கணினியை ஒரு துணிப்பையில் இட்டு எம்மிடம் கொணர்ந்தார். "அண்ணை, இதுவும் அவரைப்போலத்தான், ஒண்டும் சொல்லாமல் நிண்டுபோகுது. ஆனால் இது திரும்பி எழும்புது" என்றார். அதற்கு மறுமொழி கூற எமக்கு இயலவில்லை.

அவர் எம்மிடம் வருவதற்குமுன் நகரிலுள்ள இரண்டு கடைகளுக்கு அதனைக் காட்டியிருந்தார். ஒரு கடையினர், "போர்மற் பண்ணினாற் சரியாகும்" என்றனராம். மற்றக் கடையினர், "மதர்போட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றனராம். இவ்விரு தீர்ப்புகளும் இயந்திரத்தைத் திறவாமலே வழங்கப்பட்டவை. கடைக்காரரை நாம் முழுவதும் குறைகூறோம். நாளொன்றுக்கு இருபது இயந்திரங்களைப் பார்ப்பவருக்கு ஒன்றன்முன் மூன்று நாள் அமர்ந்திருக்க நேரமேது? ஆயினும் போர்மற் என்பது எளிய சொல்லன்று. வன்தட்டை வெறுமையாக்கி விண்டோசைப் புதிதாக நாட்டுவதே அதன் பொருள். ஏட்டின் கறையைப் போக்குதற்கு ஏட்டையே எரிப்பது போன்றது அது. அம்மையார் அதற்கு இணங்காது வந்ததை அவரது நல்லறிவென்றே கொள்கின்றோம்.

எமக்குத் துணையாக அயல்வீட்டுப் பிள்ளையொருவர் வந்து சேர்ந்தார். நம் கல்லூரியிலே தொழினுட்பப் பிரிவிற் பயில்பவர். கைவிரைவும் கண்விரைவும் உடையவர். வந்தவுடனே, "ஐயா, திறந்து பார்ப்போமா?" என்றார். "பொறும் தம்பி. நோயாளியைச் சோதிக்குமுன் வீட்டிலுள்ள பொருளை வெளியே எடுத்து வைப்போம்" என்றோம். அடிக்கடி நின்றுபோகும் இயந்திரம் எந்நேரத்தில் எழாமலே போகும் என்று யாருங் கூறவியலாது. ஆகவே உள்ளிருப்பதைப் படியெடுத்து வைத்தலே முதல் வேலை. பென் டிறைவைச் செருகிப் படியெடுக்கத் தொடங்கினோம். பாதிவழியில் இயந்திரம் மீளத்தொடங்கியது. மறுமுறையும் அவ்வாறே. மூன்றாம் முறை முயலவில்லை. கீழ்மூடியின் திருகாணிகளைக் கழற்றி, வன்தட்டை வெளியே எடுத்து, யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டு, அப்பிள்ளையின் கணினியோடு இணைத்தோம். ஒரு மணி நேரத்தில் எல்லாக் கோப்புகளும் படியெடுக்கப்பட்டன. வன்தட்டின் உடல்நிலையைக் கூறும் ஸ்மார்ட் என்னும் குறிப்புகளையும் பார்த்தோம், அதற்குக் குறையொன்றுமில்லை.

ஆனால் பழைய கோப்பொன்றைத் திறந்த தம்பியின் முகம் வெளிறிவிட்டது. திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. எல்லாம் கெட்டுவிட்டதென்றே அவர் எண்ணினார். நம் தலைமுறையார் அதனைக் கண்டமாத்திரத்தே இனங்கண்டுகொள்வர். அஃது அழிவன்று, பாமினி! நண்பர் இறுதிவரை பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்தவர். யூனிகோட் வந்தபின்னரும், விரல் பழகியதை விடமாட்டேன் என்றிருந்தார். எழுத்துருவை நிறுவியதும் அரைப்புள்ளிகளெல்லாம் புள்ளிகளாகித் தமிழ் தோன்றிற்று.

படியெடுத்த பின்னரே சோதனை தொடங்கியது. நம் கல்லூரி இரசாயனகூடத்திலே உப்புப் பகுப்புச் செய்தோர் ஒன்றை மறந்திரார். செய்முறைக் கொப்பியின் பக்கத்தை மூன்றாகக் கோடிட்டு, பரிசோதனை, அவதானம், அநுமானம் என்று எழுதவேண்டும். அவதானம் நிரம்புமுன் அநுமானத்தில் உப்பின் பெயரை எழுதிய கொப்பி சாளரத்தின் வழியே பறக்கும். எமக்குக் கற்பித்த ஆசிரியர் அதில் எவருக்கும் சலுகை காட்டியதில்லை. தம்பியிடம் அவ்வாறே கோடிட்ட கொப்பியொன்றைக் கொடுத்தோம். வன்தட்டை மீண்டும் பொருத்தி மூன்று நாள் இயந்திரத்தை இயக்கினோம். எந்நேரத்தில் நின்றது, அப்பொழுது என்ன வேலை நடந்தது, அடிப்பாகம் சுட்டதா, முற்றாக அணைந்ததா, தானே எழுந்ததா என்பவற்றை மட்டும் அவர் எழுதவேண்டும், காரணம் எழுதக்கூடாது.

இன்னுமொன்று செய்தோம். விண்டோஸ், பெருந்தவறொன்று நேருமிடத்து, எல்லாவற்றையும் நிறுத்தி நீலத்திரையிலே குறிச்சொல்லொன்றைக் காட்டிவிட்டுத் தானே மீளத்தொடங்கும். இத்தானியங்கு மீளத்தொடக்கம் இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கும். ஆதலாற் பலர் நீலத்திரையைப் படிக்குமுன்னரே அது மறைந்துவிடுகின்றது. சிஸ்ரம் அமைப்புகளில் 'ஸ்டார்ட்டப் அன்ட் ரிக்கவரி' என்ற பகுதிக்குச் சென்று, தானே மீளத்தொடங்குதல் என்பதன் எதிரேயுள்ள சரி அடையாளத்தை நீக்கிவிட்டால் நீலத்திரை நாம் படிக்கும்வரை நிற்கும். நோயாளி வாய்திறந்து சொல்ல முயல்வதை நாம் ஏன் தடுக்கவேண்டும்?

மூன்று நாளில் 13 நிகழ்ச்சிகள் கொப்பியில் ஏறின. அவற்றைப் படித்தபொழுதுதான் கடைக்காரர் இருவரும் காணாத ஒன்று புலப்பட்டது. நாம் ஒரு பிணியென்று கருதியது உண்மையில் இரண்டு. ஐந்து தடவை, மின்னை அறுத்தாற்போலத் திரை இருண்டு இயந்திரம் முற்றாக அணைந்தது, தானே எழவில்லை. அவ்வைந்தும் பிற்பகலிலோ, காணொளி ஓடிக்கொண்டிருக்கையிலோ நேர்ந்தவை. ஐந்திலும் அடிப்பாகம் தொடமுடியாதவாறு சுட்டது. எஞ்சிய எட்டுத் தடவையும் நீலத்திரை தோன்றியது. அதற்கு நேரங்காலம் இல்லை. குளிர்ந்த காலைப்பொழுதிலும் வந்தது. நீலத்திரையின் குறிச்சொல்லும் ஒன்றாக இருக்கவில்லை. ஒருமுறை 'மெமரி மனேஜ்மென்ட்', மறுமுறை 'பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா', பின்னொருமுறை 'ஐ.ஆர்.கியூ.எல். நொட் லெஸ் ஓர் ஈக்குவல்' என்று மாறி மாறி வந்தது. ஒரே குறிச்சொல்லும் ஒரே டிரைவரின் பெயரும் திரும்பத் திரும்ப வருமாயின் அந்த டிரைவரை ஐயுறலாம். நாளுக்கொரு கதை சொல்லுமாயின் நினைவகமாகிய றாமை ஐயுறுதலே முறை.

விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டையும் புரட்டினோம். 'கேர்னல் பவர் 41' என்னும் பதிவு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே இருந்தது. இப்பதிவைக் கண்டு, பவர் என்றிருப்பதால் சாஜரே குற்றவாளி என்று துணிவோர் பலர். அஃது அவ்வாறன்று. முறையாக மூடப்படாமல் இயந்திரம் நின்றுபோயிற்று என்பதை மட்டுமே அது கூறும். மரணப் பதிவுச் சான்றிதழிலே காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருப்பது போன்றது. ஆயினும் அப்பதிவினுள் 'பக்செக்கோட்' என்றொரு வரி உண்டு. அது சுழியமாயின் நீலத்திரை வருமுன்னரே மின் போயிற்று, அல்லது இயந்திரம் உறைந்துபோயிற்று என்று கொள்ளலாம். எம் கொப்பியில் முற்றாக அணைந்த ஐந்துக்கும் சுழியம். எஞ்சிய எட்டுக்கும் வேறெண்கள். கொப்பியும் பதிவேடும் ஒத்துநின்றமை கண்டு தம்பி துள்ளிக் குதித்தார்.

ஒரு விளைவுக்கு ஒரே காரணத்தைத் தேடுவது மனித இயல்பு. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்னின்றி இருண்டபொழுது, பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கே காரணமென்று அமைச்சர் கூறியது அன்பர்களுக்கு நினைவிருக்கும். உலகமே சிரித்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மின்தேவை குறைந்தும் சூரியமின் மிகுந்தும் இருந்தமையால் மின்வலையமைப்பு அதிர்ச்சியைத் தாங்கும் உறுதியற்றிருந்தது என்பதும் பின்னர் பேசப்பட்டது. குரங்கும் உண்மை, வலையமைப்பின் தளர்ச்சியும் உண்மை. குரங்கை மட்டும் விரட்டினாற் போதாது.

இனி, பிணி உடலிலா உள்ளத்திலா என்று அறியவேண்டியிருந்தது. அஃதாவது வன்பொருளிலா மென்பொருளிலா என்பது. மென்பொருளால் மட்டுமே இயந்திரங்கள் ஓயாது மீளத்தொடங்கிய வரலாறுகள் உண்டு. 2003ஆம் ஆண்டு ஓகஸ்டிலே 'பிளாஸ்டர்' என்னும் புழு பரவியபொழுது, விண்டோஸ் எக்ஸ்.பி. கணினிகள் 60 வினாடி எண்ணிவிட்டு மீளத்தொடங்கின. 2024 யூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான கோப்பொன்றால், மைக்ரோசொப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் வீழ்ந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. அவற்றுட் பலவற்றிற்குப் பரிகாரம் யாதெனின், ஒவ்வொரு கணினியையும் ஒருவர் நேரிற் சென்று 'சேஃப் மோட்' நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழிப்பதேயாம். வன்பொருளிலே ஓர் ஆணிகூடப் பழுதில்லை!

ஆகையால் எம் கணினியின் வன்தட்டை மறுபடியும் கழற்றி வைத்துவிட்டு, லினக்ஸ் ஏற்றிய பென் டிறைவிலிருந்து அதனை எழுப்பினோம். இப்பொழுது விண்டோஸ் இல்லை, அதன் டிரைவர்கள் இல்லை, நண்பர் நிறுவிய எதுவும் இல்லை. காணொளியொன்றை ஓடவிட்டோம். 22ஆவது நிமிடத்தில் இயந்திரம் அணைந்தது. மறுநாட் காலையில் ஒன்றும் செய்யாதிருக்கையிலேயே உறைந்து நின்றது. விண்டோஸ் குற்றமற்றதெனத் தீர்ந்தது. போர்மற் செய்திருந்தால் 11 ஆண்டு உழைப்பு அழிந்திருக்கும். பிணி இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

சாஜரையும் பற்றறியையும் விரைவில் விலக்கினோம். பற்றறியைக் கழற்றிச் சாஜரில் மட்டும், பின் சாஜரை நீக்கிப் பற்றறியில் மட்டும் இயக்கினோம். இரண்டிலும் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. பற்றறி வீங்கிக் கீழ்மூடியையோ தொடுபலகையையோ தள்ளிக்கொண்டிருப்பின் எச்சோதனையும் செய்யாது இயந்திரத்தை அணைத்துவிடவேண்டும். அதனைக் குத்துவதும் நெளிப்பதும் தீயை அழைப்பதாகும்.

அடுத்து வெப்பம். மடிக்கணினிச் செயலிகள் பெரும்பாலும் 100 பாகை செல்சியசை அண்மியதும் முதலில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடு ஏறின், எரிந்துபோகாதிருக்க மின்னையே துண்டித்துவிடும். முற்றாக அணைந்து கிடந்த ஐந்து தடவைக்கும் இதுவே பொருத்தமான விளக்கம். விசிறியைத் திறந்தபொழுது ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. விசிறிக்கும் அதன் எதிரேயுள்ள செப்புத் தகடுகளுக்கும் இடையிலே, நம்மூர்ச் செம்புழுதியும் பஞ்சும் திரண்டு, தடித்த கம்பளித் துண்டொன்று விரித்தாற்போல் இருந்தது. காற்றுப்போக வழியில்லை. அம்மையாரிடம் கேட்டபொழுது, அவர் கடைசி இரண்டு வருடமும் கட்டிலிற் சாய்ந்து, தலையணையின்மேல் வைத்தே வேலைசெய்தார் என்றார். கீழிருந்து காற்றை உறிஞ்சும் இயந்திரத்திற்குத் தலையணை பஞ்சு ஊட்டுவதாகும். தூரிகையாலும் காற்றூதியாலும் துப்புரவு செய்தோம். ஊதும்பொழுது விசிறியைச் சுழலவிடாது விரலாற் பிடித்துக்கொள்ளவேண்டும். செயலியின்மேலிருந்த வெப்பக் களிம்பு காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அதனைத் துடைத்து நீக்கிப் புதுக்களிம்பு ஓர் அரிசிமணியளவு இட்டோம்.

முற்றாக அணைவது அன்றோடு நின்றது. ஆனால் மறுநாட் காலையில் நீலத்திரை வந்தது. தம்பி சோர்ந்துபோய், "பிழை அது இல்லைப்போல ஐயா" என்றார். நாம் கொப்பியைக் காட்டினோம். அணைந்த ஐந்தும் தீர்ந்தன. எட்டு மட்டுமே எஞ்சியுள்ளன. ஒரு பிணி தீர்ந்தபின்னும் இயந்திரம் வீழ்வதைக் கண்டு, செய்த மருத்துவத்தையே பிழையென்று கைவிடுவதாலேயே பல இயந்திரங்கள் குப்பைக்குப் போகின்றன என்று நாம் எண்ணுகின்றோம்.

இவ்வியந்திரத்திலே றாம் தகடுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஜி.பி. இக்காலத்து மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் றாம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் இச்சோதனை செய்யவியலாது. இது பழைய இயந்திரமாகையாற் பிழைத்தது. ஒரு தகட்டைக் கழற்றிவிட்டு, 'மெம்ரெஸ்ட்86+' என்னும் இலவசச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டோம். விடியும்வரை ஒரு பிழையுமில்லை. மறுநாள் மற்றத் தகட்டை அதே துளையில் இட்டோம். அரைமணி நேரத்துள் சிவப்பு வரிகள் திரையை நிரப்பின. தகடு பழுதா, துளை பழுதா என்று தெளிதற்காகத் துளையை மாற்றியும் பார்த்தோம்; பிழை தகட்டோடேயே சென்றது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினோம். இரண்டை ஒருசேர மாற்றினால், குணமாகியபின்னும் எதனாற் குணமாகியது என்று தெரியாது. நல்ல வேட்டியொன்றின் விலைக்கு மிகாத டி.டி.ஆர்.3எல் தகடொன்று வாங்கி இட்டபின், மடிக்கணினி இன்றுவரை தானே அணையவுமில்லை, தானே எழவுமில்லை.

இங்கே கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் பழுதான றாமைப்பற்றி அறிந்தவர்க்கு ஓர் அச்சம் எழும். கணினியில் எழுதப்படும் ஒவ்வொன்றும் றாமினூடாகவே வன்தட்டுக்குச் செல்கின்றது. தவறாக நினைவுகூர்பவன் எழுதும் ஏடு எவ்வாறிருக்கும்? விண்டோசின் சொந்தக் கோப்புகளை எஸ்.எப்.சி. என்னும் ஆணையைக்கொண்டு சோதித்தோம். கெட்டிருந்த சிலவற்றை அது திருத்தியது. நண்பரின் கோப்புகளைத் திருத்தவல்ல ஆணை எதுவுமில்லை. அவற்றை ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தோம். பெயரேடு எக்செல் கோப்பாக இருந்தது. நண்பர் சில நாளுக்கொருமுறை திகதியிட்டுத் தனித்தனிப் படியாகச் சேமித்திருந்தார். அப்பழக்கத்தை எவ்வளவு போற்றினும் தகும். கடைசித் திகதியிட்ட கோப்பு திறக்கவில்லை. இவ்வகைக் கோப்பு உள்ளே சுருக்கிக் கட்டிய மூட்டை போன்றது. ஓரிடத்திலே முடிச்சுத் தவறினும் முழுவதும் அவிழாது போகக்கூடும். திருத்தும் வழிகளெல்லாம் முயன்றும் பயனில்லை. அதற்கு 12 நாள் முந்திய படி குறையின்றித் திறந்தது. அதுவே இம்மலரில் அச்சாகியுள்ளது.

அந்த 12 நாளிலும் நண்பர் யாரைக் கண்டுபிடித்தார் என்பதை அறிய, அம்மையார் அவரது கைத்தொலைபேசியை எம்மிடம் தந்தார். அதிலிருந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து ஆறு பேரைக் கண்டுகொண்டோம். அவர்கள் பெயர்கள் பெயரேட்டின் ஈற்றில் தனியே சேர்க்கப்பட்டுள்ளன. ஏழாவதாக ஓர் எண் உள்ளது. நோர்வே நாட்டு எண். ஆவணி மூன்றாம் வாரத்தில் அதிலிருந்து 47 நிமிடம் பேசப்பட்டிருக்கின்றது. நாம் பன்முறை அழைத்தும் எவரும் எடுத்திலர். அம்மையாருக்கு ஒன்று மட்டும் நினைவிருக்கின்றது: அன்றிரவு அவர் படுக்கைக்கு வந்தபொழுது, "இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் அகப்பட்டுவிட்டான்" என்று சொன்னாராம். யார் என்று அவர் கேட்கவில்லை. அந்த அன்பர் இம்மலரைக் காண நேரின், தம் பெயரையும் கல்லூரியிற் பயின்ற ஆண்டுகளையும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவைப்பாராக.